மெட்டு ஏறியது, நூல் ஏறவில்லை

நாம் மூன்றாம் வகுப்பு படித்த காலத்தில் பாட்டு வகுப்பு என்றால் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மிஸ் பாடியதைத் திருப்பிக் கத்துவது. உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் நடந்திருக்கும். எங்கள் வகுப்பில் ஒரே ஒரு மழைக்காலம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பாட்டைத் தரையில் வைக்கச் சொன்னார்கள்.

சொன்னவர் ட்ரெயினிங் மிஸ். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து காலாண்டு லீவு முடிந்ததும் ஒரே நிறப் புடவையில் கூட்டமாக வருவார்களே, அவர்களில் ஒருவர். வகுப்புக்கு ஒருவராகப் பிரித்து விடுவார்கள். பாடம் நடத்திப் பழகிவிட்டு, கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் போய்விடுவார்கள். எங்களுக்கு வந்தவர் செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண். விடுதியில் தங்கியிருந்தார். ஒல்லியான ஆள், ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதல் நாள் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அன்று அவருக்குப் பத்தொன்பது, இருபது வயதுதான் இருந்திருக்கும். அப்போது எனக்கு அவர் மிகப் பெரியவராகத் தெரிந்தார்.

அவர் ஒரு சதுர பிஸ்கட் டப்பா கொண்டுவருவார். அதற்குள் உல்லன் நூல், ஒரு முழ நீளத்துக்கு வெட்டியது, பல நிறத்தில். டப்பாவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசனையும் பழைய பிஸ்கட் வாசனையும் சேர்ந்து வரும். எங்களை பெஞ்சை விட்டு இறக்கித் தரையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு நூல் கொடுப்பார். பிறகு வார்த்தை இல்லாமல் ‘லா லா’ என்று சின்னதாக ஒரு மெட்டைப் பாடுவார். மெட்டு மேலே போனால் நூலையும் மேலே கொண்டுபோக வேண்டும். இறங்கினால் இறக்க வேண்டும். அங்கேயே நின்றால் நேராக விட வேண்டும். பாடி முடித்ததும் எல்லோருடைய நூலையும் குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பார். தரையெல்லாம் சின்னச் சின்ன மலையும் பள்ளமுமாக இருக்கும்.

நூல் மட்டும் இல்லை. மழை விட்ட நாளில் மாடிப்படிக்குக் கூட்டிப்போய், மெட்டுக்கேற்ற மாதிரி படி ஏறி இறங்கச் சொல்வார். ஒரு நாள் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ஒவ்வொரு ‘லா’வுக்கும் ஒன்று, உயரத்துக்கு உயரம், தாழ்வுக்குத் தாழ்வு என்று வைக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு காற்றில் கையால் கோடு போட வேண்டும், அது ஒரு விளையாட்டு. இப்போது வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே ஓர் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மாதிரி நடக்கிறது. சின்னப் பிள்ளைகள் ரிப்பனை ஆட்டுகிறார்கள். பெற்றோர் வெளியே உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள். அது புதிய முறை என்று பலகையில் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் மேல் தப்பு இல்லை.

என் நூல் மட்டும் ஒரு நாளும் சரியாக வந்ததில்லை. மற்றவர்கள் மலை வைத்த இடத்தில் நான் பள்ளம் வைத்திருப்பேன். எல்லோரும் படி ஏறும்போது நான் இறங்குவேன், அல்லது நின்ற படியிலேயே நிற்பேன். பின்னால் வருகிறவள் என் மேல் மோதுவாள். நான் இதை வேண்டுமென்று செய்யவில்லை. மிஸ் சொன்னதைத்தான் செய்தேன், அதுவும் கவனமாக.

காரணத்தைச் சொல்ல என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். மந்தைவெளியில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, மாதா கோயில் கொடியேற்றம் எல்லாவற்றுக்கும் குழாய் ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டுவது அவர்தான். தி.நகர் கல்யாண மண்டபங்களுக்கு என்னையும் கூட்டிப்போவார், சாப்பாட்டுக்காக. என்னை ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, மண்டபத்தின் கடைசிக்குப் போய் நிற்பார். அங்கே சத்தம் போதவில்லை என்றால் உள்ளங்கையை மேலே தூக்குவார். நான் குமிழைத் திருப்பி ஏற்றுவேன். கையைத் தாழ்த்தினால் இறக்குவேன். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். ‘ஏத்து’, ‘எறக்கு’. எங்கள் வீட்டில் அந்த இரண்டு வார்த்தைக்கும் வேறு அர்த்தம் கிடையாது.

ட்ரெயினிங் மிஸ்ஸும் கையை மேலே தூக்கித்தான் காட்டினார். “பாட்டு ஏறுதா, எறங்குதா? கேட்டு வைங்க” என்றார். நான் கேட்டேன். அவர் சத்தமாகப் பாடிய இடத்தில் நூலை ஏற்றினேன். மெல்லப் பாடிய இடத்தில் இறக்கினேன். இவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. தப்பு என்று ஒன்று நடப்பதே எனக்குத் தெரியாததால் நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்கும்படி பேசுகிற பிள்ளை இல்லை நான்.

நடுவில் ஒரு வாரம் நன்றாகப் போனது. தெருவில் விற்றுக்கொண்டு போகிறவர்களின் குரலைக் கேட்டு வந்து நூலில் வைக்கச் சொன்னார். ஒருத்தி கோலமாவுக்காரரைப் போலக் கூவினாள். ஒருவன் பழைய பேப்பர்காரரைப் போல மூக்கால் இழுத்தான். வகுப்பே சந்தை மாதிரி இருந்தது. கூவுகிறவர்கள் கடைசியில் குரலை உயர்த்துவார்கள், கூடவே சத்தத்தையும் கூட்டுவார்கள். அதனால் என் நூலும் சரியாகவே வந்தது. ட்ரெயினிங் மிஸ் என் தலையைத் தொட்டு “பாத்தியா, வருது” என்றார். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்த எங்கள் வகுப்பு மிஸ் நிமிராமலே, “பக்கத்துல இருக்கிறதப் பாத்து வெச்சிருக்கும்” என்றார்.

வகுப்பு மிஸ் கெட்டவர் இல்லை. அந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களாக இருந்த குடும்பம். ஞாயிறு பூசையில் முதல் வரிசையில் இருப்பார்கள். அவருக்கு எதையும் உடனே முடிவு செய்துவிட வேண்டும். அந்த வாரக் கடைசியில் என் அம்மாவை வரச்சொல்லி, பிள்ளைக்குக் காது மந்தம், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். என்னை முதல் பெஞ்சுக்கு மாற்றினார். என்னிடம் பேசும்போது குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பேச ஆரம்பித்தார். மற்ற பிள்ளைகளும் அப்படியே பேசினார்கள். அது எனக்கு ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது. யாரும் என்னைக் கேள்வி கேட்பதில்லை.

வீட்டில் அம்மா அன்றைக்கே எண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சினாள். இரண்டு காதிலும் ஊற்றிப் பஞ்சை வைத்து அடைத்தாள். அதன் பிறகுதான் எனக்கு உண்மையிலேயே எதுவும் சரியாகக் கேட்கவில்லை. நைனா வந்து பஞ்சைப் பிடுங்கிப் போட்டார்.

“இன்னாமே பண்ற புள்ளைய?”

“மிஸ் சொல்றாங்க, இதுக்குக் காது கேக்கலியாம்.”

“யாருக்கு, இதுக்கா? நேத்து மண்டபத்துல ஸ்பீக்கர் உள்ள வண்டு கத்துற மாதிரி கீதுன்னு இதுதான் சொல்லிச்சு. எனக்கே கேக்கல. அவுத்துப் பாத்தா ஒயரு லூசு.”

அவர் அதோடு நிற்கவில்லை. பழுதுபார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் ரேடியோவைப் போட்டு, என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். கேட்கும்வரை கையைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னார். கடைசிவரை தூக்கியே வைத்திருந்தேன். ரேடியோவை அணைத்த பிறகும் பெட்டிக்குள் கரண்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. “பாத்தியா, ஆஃப் பண்ணிட்டேன், இன்னும் தூக்கிக்கினு நிக்குது. அதுக்கு கரண்டே கேக்குதுமே” என்று நைனா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆஃப் பண்ணியது கூடத் தெரியாமல் நிற்கிறதே என்று கவலைப்பட்டாள். பள்ளிக்குப் போய் இதைச் சொல்லும்படி அவள் நைனாவிடம் கேட்கவும் இல்லை, அவரும் போகவில்லை. ஆண்டுவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட மட்டும் அந்த கேட்டுக்குள் நுழைகிறவர், மிஸ்ஸிடம் போய் நீங்கள் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வார். மிஸ் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அம்மாவின் முடிவு. ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்கு வேலை செய்யும் வீட்டில் லீவு கிடைக்கவில்லை. அது தள்ளிக்கொண்டே போனது.

காது கேட்காத பிள்ளையாக முதல் பெஞ்சில் உட்கார்ந்ததில் ஒரு விஷயம் நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மழை பெய்தால் வெளியே விட மாட்டார்கள். நான் என் இடத்திலேயே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பேன். இரண்டு மிஸ்களும் என் எதிரே, என்னை வைத்துக்கொண்டே பேசுவார்கள். குரலைத் தாழ்த்தக்கூட மாட்டார்கள்.

அப்படித்தான் ட்ரெயினிங் மிஸ்ஸின் பரீட்சையைப் பற்றித் தெரிந்தது. போகும் முன் அவர் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வெளியிலிருந்து ஓர் எக்ஸாமினர் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். தனக்கு இஷ்டமான பிள்ளையை எழுப்பிக் கேள்வியும் கேட்பார். போன வருஷம் வேறு பள்ளியில் அவர் எழுப்பிய பையன் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டான், அதிலேயே ட்ரெயினிங் மிஸ் ஃபெயில். 

“இந்த வாட்டியும் போச்சுன்னா எங்கண்ணன் படிச்சது போதும்னு நிறுத்திடுவாரு மிஸ். மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்காங்க” என்றார் ட்ரெயினிங் மிஸ். சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

வகுப்பு மிஸ் யோசிக்கவே இல்லை. கடைசி பெஞ்சில் இரண்டு பையன்கள், அவர்களை அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். பிறகு டிபன் மூடியால் என்னைக் காட்டினார். “இதோட அம்மா வேலைக்குப் போறவ. வீட்டுல வெச்சுக்க மாட்டா. இத எல்.கே.ஜி.ல உக்கார வெச்சுடு. ஆனா அந்த ஆளு கண்ணுல படக் கூடாது. புள்ளைங்கள மறைச்சு வெச்சது தெரிஞ்சா அதுக்கே மார்க்க வெட்டிடுவாரு.”

ட்ரெயினிங் மிஸ் என்னைப் பார்த்தார். நான் ஊறுகாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மழையில் நனைந்தது, பயம், எல்லாம் சேர்ந்து. கடைசித் தடவையாக ஒத்திகை பார்த்தார். சத்தம் போட முடியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி மெதுவாக, காற்றாகப் பாடினார். நூல்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்றுவிட்டார். என் நூல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தது.

மற்ற பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஏன் நேராக வைத்தாய் என்று கேட்டார். வழக்கம்போல மற்றவர்கள் கத்துகிற மாதிரி கேட்கவில்லை. தொண்டை போயிருந்ததே.

“நீங்க ஏத்தவே இல்லியே மிஸ்” என்றேன்.

அவர் குனிந்து என் நூலை மறுபடி பார்த்தார். பிறகு ஒரே ஸ்வரத்தை முதலில் மெல்லவும், பிறகு தொண்டை வலிக்க வலிக்கச் சத்தமாகவும் பாடினார். நூலை ஏற்றினேன். “அப்போ இது?” என்று கீழேயிருந்து மேலே ஒரு மெட்டைக் காற்றாகப் பாடினார்.

“அது ஏறல மிஸ். மெலிசாவுது.”

“மெலிசா?”

“மொதல்ல தடியா இருந்திச்சு. அப்புறம் மெலிசாயிடுச்சு.”

எங்கள் வீட்டில் குரல் தடியாக இருக்கும், மெலிசாக இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். கட்டைக் குரல், கீச்சுக் குரல் என்போம். குரலுக்கு மாடி கிடையாது. குரல் ஏறும், இறங்கும் என்பது அவருக்குப் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த விஷயம். அவர் எழுந்துபோய்க் கொடிக்கயிறு ஒரு துண்டு, சணல், உல்லன் நூல், தையல் நூல் எல்லாம் தேடிக்கொண்டு வந்தார். பாடப் பாட ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார். ஒன்றுகூடத் தப்பாகவில்லை. அவர் எவ்வளவு வேகமாக மாற்றினாலும் என் கை சரியான கயிற்றுக்குப் போனது. கடைசியில் அவர் பாடுவதை நிறுத்திவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. தொண்டை வலியாகவும் இருக்கலாம்.

“நாளைக்கு நீ முன்னாடியே உக்காரு. நான் உன்னத்தான் மொதல்ல கூப்பிடுவேன்” என்றார்.

அன்று சாயங்காலம் வகுப்பு மிஸ்ஸிடம் அவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் பை மாட்டிக்கொண்டு வராந்தாவில் செருப்பைத் தேடும்போது வகுப்பு மிஸ்ஸின் குரல் மட்டும் வந்தது. “உனக்குப் புரிஞ்சுதும்மா. அந்த ஆளுக்குப் புரியணுமே. அவர் ஏறுதா எறங்குதான்னு கேப்பாரு. அது தடி, மெலிசுன்னு சொல்லும். நீ நின்னு விளக்கிக்கிட்டு இருப்பியா?” இப்போது நினைத்தால் அதுவும் நியாயமாகத்தான் படுகிறது.

மறுநாள் அம்மா எனக்குத் துவைத்த ரிப்பன் கட்டி அனுப்பினாள். வகுப்பு வாசலில் ட்ரெயினிங் மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கை சில்லென்று இருந்தது. நேராக எல்.கே.ஜி.க்குக் கூட்டிப்போய், முதுகு வாசல் பக்கம் இருக்கும்படி என்னை உட்கார வைத்தார். “இங்கயே இரு, என்ன?” என்றார். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு அன்று களிமண் நாள். எனக்கும் ஓர் உருண்டை கொடுத்தார்கள்.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். பாடம் முழுவதும் கேட்டது. அவருக்குத் தொண்டை ஓரளவு சரியாகியிருந்தது. நன்றாக நடத்தினார். பிள்ளைகள் படி ஏறினார்கள், நூல் வைத்தார்கள், எக்ஸாமினர் எழுப்பிய பையன் சரியாகச் சொன்னான், எல்லோரும் கைதட்டினார்கள். நான் களிமண்ணைத் திரித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்து அவர்கள் வெளியே வரும்போது எக்ஸாமினர் எங்கள் வாசலில் நின்றார். செருப்புச் சத்தம் நின்றது தெரிந்தது.

“இந்தப் பொண்ணு என்ன, இவ்வளவு பெரிசா இருக்கு?” என்றார். “பையில மூணாங்கிளாஸ்னு இல்ல எழுதியிருக்கு?”

வகுப்பு மிஸ் பதில் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னது ட்ரெயினிங் மிஸ்.

“எங்க கிளாஸ்தான் சார். அதுக்குக் காது கேக்காது. அதான் இங்க.”

“சுத்தமாவா?”

“ஆமா சார். சுத்தமா.”

எனக்குக் காது கேட்கும் என்று அந்தப் பள்ளியில் தானாகவே கண்டுபிடித்த ஒரே ஆள் அவர்தான்.

எக்ஸாமினர் உள்ளே வந்தார். சந்தேகப்பட்டு வந்தாரா, இரக்கப்பட்டா, தெரியாது. என் முதுகுக்குப் பின்னால் குனிந்தார். அவர் சட்டையின் கஞ்சி மொறுமொறுத்தது. என் இடது காதுக்குப் பக்கத்தில் பலமாக ஒரு தடவை கைதட்டினார். எல்.கே.ஜி. பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. பிறகு அவர் என் வலது பக்கம் வந்து, மெதுவாக, “பாப்பா, உன் ரிப்பன் கீழ விழுந்திருக்கு பாரு” என்றார்.

நான் திரும்பவில்லை. ரிப்பனைத் தொட்டும் பார்க்கவில்லை. களிமண்ணை உள்ளங்கைக்குள் வைத்து நீளமாகத் திரித்துக்கொண்டே இருந்தேன். அண்ணன், மாப்பிள்ளை, போன வருஷத்துப் பையன் எல்லாம் நினைவில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதனால்தான் திரும்பவில்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அத்தனை பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் எப்போதுமே திரும்புகிறவள் இல்லை.

“பாவம்” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

ட்ரெயினிங் மிஸ் பாஸ் செய்துவிட்டார் என்று வகுப்பு மிஸ் பிறகு எல்லோரிடமும் சொன்னார். என் காது விவகாரம் அடுத்த வருஷம் வேறு மிஸ் வந்ததும் தானாகவே மறந்துபோனது. அந்த மிஸ்ஸுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவர் என்னிடம் சாதாரணமாகப் பேசினார், நானும் பதில் சொன்னேன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பாட்டு மட்டும் எந்தக் கூட்டத்திலும் பாடியதில்லை.

பரீட்சை நடந்த அன்று மதியம் ட்ரெயினிங் மிஸ் விடைபெற வந்தார். எல்.கே.ஜி. வாசலில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் வகுப்பு மிஸ், பின்னால் ஒரே நிறப் புடவையில் அவருடைய தோழிகள், எல்லோர் முன்னாலும் நான் காது கேட்காத பிள்ளை. நான் இப்போது திரும்பியிருந்தேன். அவர் என்னை நேராகப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சத்தம் இல்லாமல். காது கேட்காதவர்களிடம் அப்படித்தானே பேசுவார்கள். கொஞ்சம் நீளமாகவே சொன்னார், நடுவில் ஒரு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு பதிலுக்காக நின்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. உதட்டைப் பார்த்துப் படிக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.